அமெரிக்க அதிபருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் கேமரா முன்னால் உட்கார்ந்து, தடிமனான பேனாவால் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டு, அதைத் தூக்கிக் காட்டுகிறார். மறுநாள் உலகத்தின் இன்னொரு மூலையில் விலை ஏறுகிறது, விசா நிற்கிறது, குண்டு விழுகிறது. தனி ஒரு மனிதரால் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். அரசியல் சாசனம் எழுதிய 1787-ல் இதற்கு ஒரு பதில் இருந்தது. இன்றைய பதில் வேறு. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். அதிகாரத்தைப் பிடுங்கிய அதிபர்கள் உண்டு. ஆனால் படிக்கப் படிக்க எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் விட்டவர்களின் கதை.

அங்கே நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். நம் காதில் அது ஒரு கட்சியின் பெயராக விழும் என்பதால் நாடாளுமன்றம் என்றே எழுதுகிறேன். செனட், பிரதிநிதிகள் சபை இரண்டும் சேர்ந்தது அது.

அரசியல் சாசனத்தில் அதிபருக்கு என்னதான் எழுதியிருக்கிறது?

மிகக் கொஞ்சம். சாசனத்தின் முதல் பிரிவு நாடாளுமன்றத்துக்கு, இரண்டாவது பிரிவு அதிபருக்கு. முதல் பிரிவு இரண்டாவதைப் போல இரு மடங்குக்கும் மேல் நீளம். வரி போடுவது, பணம் ஒதுக்குவது, வெளிநாட்டு வணிகத்தை முறைப்படுத்துவது, படை திரட்டுவது, போர் அறிவிப்பது எல்லாமே நாடாளுமன்றத்தின் கையில். அதிபர் படைகளின் தலைமைத் தளபதி. குற்றவாளிக்கு மன்னிப்பு வழங்கலாம். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தம் போடலாம். செனட்டின் சம்மதத்தோடு அமைச்சர்களையும் நீதிபதிகளையும் நியமிக்கலாம். பிடிக்காத மசோதாவைத் திருப்பி அனுப்பலாம்; இதற்குத்தான் வீட்டோ என்று பெயர். சட்டங்கள் ஒழுங்காக நிறைவேறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. முதல் பிரிவு, 'இதில் வழங்கப்பட்டுள்ள' சட்டமியற்றும் அதிகாரங்கள் நாடாளுமன்றத்துக்கு என்று தொடங்குகிறது. இரண்டாவது பிரிவு, நிர்வாக அதிகாரம் அதிபரிடம் இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. 'இதில் வழங்கப்பட்டுள்ள' என்ற எல்லை அதில் இல்லை. முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1793-லேயே இதைச் சுட்டிக்காட்டி, பட்டியலில் இல்லாத அதிகாரமும் அதிபருக்கு உண்டு என்று வாதாடினார். அதிபரின் வழக்கறிஞர்கள் இன்றைக்கும் வந்து நிற்கும் இடம் அந்த வரிதான்.

மன்னரை எதிர்த்துப் போராடியவர்கள் எப்படி ஒற்றை ஆளிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள்?

தயங்கித் தயங்கித்தான். 1787 ஜூன் 1 அன்று, சாசனம் எழுதக் கூடிய பிலடெல்பியா மாநாட்டில், நிர்வாகத் தலைமை ஒரே ஆளாக இருக்கட்டும் என்று ஜேம்ஸ் வில்சன் முன்மொழிந்தார். அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் அமைதி நிலவியது என்று ஜேம்ஸ் மேடிசன் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். வாக்கெடுப்புக்கு முன் எல்லோரும் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று முதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின் கேட்டுக்கொண்ட பிறகுதான் பேச்சு எழுந்தது. எட்மண்ட் ராண்டால்ஃப் எழுந்து, இது மன்னராட்சியின் கரு என்றார். மூன்று பேர் கொண்ட குழு போதும் என்பது அவர் வாதம்.

ஆனால் அதற்கு முன் இருந்த ஏற்பாட்டில் நிர்வாகத் தலைவரே கிடையாது. மத்திய அரசால் வரி வசூலிக்க முடியவில்லை. மாசசூசெட்ஸில் விவசாயிகள் கலகம் செய்தபோது அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொன்றும் உண்டு: மாநாட்டுக்குத் தலைமை தாங்கி எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். முதல் அதிபர் அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். உறுப்பினர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே அதிகாரங்களை எழுதாமல் இருந்திருந்தால், பதவி இவ்வளவு பெரிதாக ஆகியிருக்காது என்று அங்கே இருந்த பியர்ஸ் பட்லர் பிறகு ஒரு கடிதத்தில் எழுதினார். ஓர் ஆளின் அளவுக்குத் தைத்த சட்டையை அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

வாஷிங்டன் விட்டுச்சென்ற முக்கியமான வழக்கம் எது?

எட்டு ஆண்டுகளோடு விலகியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1789 ஆகஸ்ட் 22 அன்று நடந்த ஒரு சின்னச் சம்பவம்.

செனட்டின் 'ஆலோசனையுடனும் சம்மதத்துடனும்' ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று சாசனம் சொல்கிறதல்லவா? வாஷிங்டன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அப்போது தலைநகரம் நியூயார்க். தெற்கே உள்ள பூர்வகுடி மக்களுடன் செய்ய வேண்டிய ஒப்பந்தம் பற்றிக் கேட்க, போர்த்துறை அமைச்சர் ஹென்றி நாக்ஸைக் கூட்டிக்கொண்டு செனட்டுக்கு நேரிலேயே போனார். துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் குறிப்பை வாசிக்கத் தொடங்கினார். தெருவில் ஓடிய குதிரை வண்டிகளின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல்களைச் சாத்தினார்கள். திரும்ப வாசித்தார்கள். ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, ஆலோசனை என்ன, சம்மதமா என்று கேட்டபோது உறுப்பினர்கள் தடுமாறினார்கள். ஆவணங்களைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது, குழுவுக்கு அனுப்பலாமே என்றார் ஒருவர். வாஷிங்டன் சட்டென்று எழுந்து, நான் வந்த நோக்கமே இதனால் கெட்டுப்போகிறது என்றார். பென்சில்வேனியா செனட்டர் வில்லியம் மெக்லே தன் நாட்குறிப்பில் இதை வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து வந்து அந்த வேலையை முடித்தார். அதன் பிறகு ஆலோசனை கேட்க அவர் செனட்டுக்குப் போகவே இல்லை. ஒப்பந்தத்தை முடித்துவிட்டுச் சம்மதத்துக்கு மட்டும் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. சாசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் 'ஆலோசனை' என்ற சொல் அன்றோடு செயலிழந்தது. இந்தக் கதை முழுக்க மாற்றம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது.

சிறிய அரசை விரும்பிய மூன்றாவது அதிபர் ஜெபர்சன் என்ன செய்தார்?

1803-ல் பிரான்ஸிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு வாங்கினார். நாட்டின் பரப்பு இரட்டிப்பானது. நிலம் வாங்க சாசனம் இடம் கொடுக்கிறதா என்று அவருக்கே சந்தேகம். திருத்தம் கொண்டுவரலாம் என்றுகூட யோசித்தார். அதற்குள் நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் யோசனையை விட்டுவிட்டார். செனட்டும் ஒப்புக்கொண்டது.

வீட்டோ எப்போது பெரிய ஆயுதமானது?

ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் (1829–1837). அவருக்கு முந்தைய ஆறு அதிபர்களும் சேர்ந்து 10 மசோதாக்களைத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலும் சாசனத்துக்கு முரண் என்று பட்டால்தான் அதைச் செய்வார்கள். ஜாக்சன் ஒருவரே 12. 1832-ல் தேசிய வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவைத் திருப்பியபோது, இது சாசன விரோதம் என்பதோடு, பணக்காரர்களுக்குச் சாதகமான தவறான கொள்கை என்றும் சொன்னார். அந்த வங்கி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1819-லேயே தீர்ப்பளித்திருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அரசுப் பணத்தை வங்கியிலிருந்து எடுக்க மறுத்த நிதியமைச்சர் வில்லியம் டுவானை வேலையை விட்டே அனுப்பினார்.

நாட்டு மக்கள் எல்லோருக்கும் நேரடிப் பிரதிநிதி நான்தான் என்பது ஜாக்சனின் வாதம். கேட்க நன்றாக இருக்கும். அதே அரசுதான், 1830-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை வைத்துப் பூர்வகுடிகளைத் தங்கள் மண்ணிலிருந்து பெயர்த்தது. ஜார்ஜியா மாநிலச் சட்டம் செரோக்கி மக்களின் நிலத்தில் செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காகிதத்தோடு நின்றது. செரோக்கி மக்களில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே போன வழியில் செத்தார்கள். அதிபரின் வலிமையைப் புகழ்ந்து எழுதும்போது பலர் இதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். தனி அத்தியாயம் இல்லை, இதுவும் அதே அதிகாரம்தான்.

லிங்கன் சட்டத்தை மீறினாரா?

மீறினார் என்று சொல்வதற்கு வலுவான காரணங்கள் உண்டு. 1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டை மீது, பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைகள் சுட்டன; உள்நாட்டுப் போர் தொடங்கியது. நாடாளுமன்றம் அப்போது கூடியிருக்கவில்லை. லிங்கன் அதை ஜூலை 4-க்குத்தான் கூட்டினார். இடைப்பட்ட ஏறக்குறைய பன்னிரண்டு வாரத்தில் 75,000 மாநிலப் படையினரை அழைத்தார், தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டார், நிரந்தரப் படையைப் பெருக்கினார், ஒதுக்கப்படாத பணத்தைச் செலவழித்தார், ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைத்தார்.

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வழக்கானது. மேரிலாந்தில் ஜான் மெரிமேன் என்பவரை மே 25 அதிகாலை இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து ராணுவம் பிடித்துக்கொண்டுபோய் மெக்ஹென்றி கோட்டையில் அடைத்தது. அவரை ஆஜர்படுத்து என்று தலைமை நீதிபதி ராஜர் டானி உத்தரவிட்டார். தளபதி வரவில்லை; தன் உதவியாளரை அனுப்பி மறுத்தார். நீதிமன்ற அதிகாரி கோட்டை வாசல் வரை போனார், வெளிக் கதவைத் தாண்ட விடவில்லை. இந்த உரிமையை நிறுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்று டானி எழுதிய தீர்ப்பு லிங்கனிடம் போனது. மெரிமேன் உடனே விடுவிக்கப்படவில்லை.

ஜூலை 4 அன்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் லிங்கன் பதில் சொன்னார்: ஒரே ஒரு சட்டத்தை மீறிவிடக் கூடாது என்பதற்காக மற்ற எல்லாச் சட்டங்களும் நிறைவேறாமல் போய், அரசே சிதறிப் போகலாமா? அவர் மீது எனக்கு மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான், ஆனால் இந்தக் கேள்விக்காக இல்லை. தான் செய்ததை மறைக்காமல், அவசியத்தால் செய்தேன், நீங்கள் ஒப்புதல் தாருங்கள் என்று நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். அந்த ஆண்டே பெரும்பகுதிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தும் அதிகாரத்தை 1863-ல் சட்டமாகவே கொடுத்தார்கள்.

இதே லிங்கன் 1848-ல் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தபோது, மெக்சிகோ போரைத் தொடங்கிய அதிபர் போல்க்கை வன்மையாக எதிர்த்தவர். படையெடுப்பைத் தடுக்க அவசியம் என்று அதிபர் நினைக்கும்போதெல்லாம் அண்டை நாட்டில் நுழையலாம் என்று விட்டால், நினைத்தபோது போர் செய்ய விட்டதாகும் என்று நண்பர் ஹெர்ண்டனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமும் சரி, 1861 செய்தியும் சரி, இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை.

லிங்கனுக்குப் பின் வந்த அதிபர்களின் பெயர்கள் ஏன் நினைவில் இல்லை?

அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே திரும்பிவிட்டதால்தான். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சனை 1868-ல் பதவி நீக்க விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஓட்டில் தப்பினார். அப்புறம் முப்பது ஆண்டுகள் சபைத் தலைவர்களும் குழுத் தலைவர்களும்தான் நாட்டை நடத்தினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: போர்க் காலத்தில் வீங்கிய அதிகாரம் அப்போது வடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது வடியவே இல்லை.

எப்போது எல்லாக் கண்களும் வெள்ளை மாளிகைப் பக்கம் திரும்பின?

தியோடர் ரூஸ்வெல்ட் 1901-ல் வந்தபோது தொடங்கியது. சாசனமோ சட்டமோ தடுக்காத எதையும் நாட்டு நன்மைக்காக அதிபர் செய்யலாம் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் வந்த டாஃப்ட் இதற்கு நேர்மாறாக, எழுதிக் கொடுத்ததை மட்டுமே செய்யலாம் என்றார். இந்த விவாதத்தில் ரூஸ்வெல்ட்டின் வாதம்தான் நடைமுறையில் வென்றது. 1902 நிலக்கரி வேலைநிறுத்தத்தில் முதலாளிகளையும் தொழிற்சங்கத்தையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்து உட்கார வைத்தார். பத்திரிகையாளர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். 1913-ல் உட்ரோ வில்சன் நாடாளுமன்றத்தில் நேரில் நின்று பேசினார். ஜான் ஆடம்ஸுக்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் எந்த அதிபரும் அப்படிப் பேசியதில்லை.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் என்ன மாறியது?

எல்லாமே. 1933 மார்ச்சில் அவர் பதவியேற்றபோது உழைக்கும் மக்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் சரிந்துகொண்டிருந்தன. மார்ச் 9 அன்று அவசர வங்கி மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது அச்சுப் பிரதி இல்லை. இருந்த ஒரே பிரதியை வாசித்தார்கள், 40 நிமிடம் விவாதித்தார்கள், குரல் வாக்கில் நிறைவேற்றினார்கள். அன்று இரவே கையெழுத்தாகிச் சட்டமானது. மார்ச் 12 அன்று ரூஸ்வெல்ட் வானொலியில், வங்கியில் போட்ட பணம் என்ன ஆகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்குவதுபோல் நிதானமாக விளக்கினார். வங்கிகள் திறந்ததும் மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். மக்களின் வீட்டுக்குள்ளேயே பேசும் அதிபர் என்பது அன்று பிறந்தது.

இதைவிட முக்கியமானது, அதிகம் பேசப்படாதது, அலுவலகம். 1857 வரை அதிபரின் தனிச் செயலருக்குச் சம்பளம் தர நாடாளுமன்றம் பணமே ஒதுக்கியதில்லை. அதிபருக்கு உதவி தேவை என்று 1937-ல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. 1939-ல் அதிபர் செயலகம் உருவானது, வரவு செலவுத் திட்ட அலுவலகம் நிதித்துறையிலிருந்து அங்கே மாறியது. அதிபர் என்பது ஆளாக இருந்தது போய் ஒரு நிறுவனமானது அப்போதுதான்.

இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 19 அன்று அவர் கையெழுத்திட்ட 9066-ம் எண் உத்தரவால் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர், பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்கள், முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நாடாளுமன்றம் அதற்குத் துணையாகச் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 1944-ல் செல்லும் என்றது. மூன்று கிளைகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் என்பார்களே, மூன்றும் சேர்ந்து தவறிய நாள் அது. 1988-ல் நாடு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

நிர்வாக உத்தரவு என்பது சட்டமா?

அதிபர் தன் கீழுள்ள துறைகளுக்குக் கொடுக்கும் கட்டளை அது. சாசனத்திலோ ஏற்கெனவே உள்ள சட்டத்திலோ வேர் இருந்தால்தான் செல்லும். அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் ரத்து செய்யலாம். வாஷிங்டன் போட்டவை 8. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போட்டவை 3,700-க்கும் மேல்.

எல்லை எங்கே என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டுவது எஃகு ஆலை வழக்கை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. 1952 ஏப்ரல் 8 இரவு, வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது, எஃகு ஆலைகளை அரசே எடுத்துக்கொள்கிறது என்று அதிபர் ட்ரூமன் அறிவித்தார். ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ட்ரூமன் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வழக்கில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய தனிக் குறிப்பைத்தான் இன்றும் எல்லோரும் படிக்கிறார்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு அதிபர் செயல்பட்டால் அவர் பலம் உச்சத்தில்; நாடாளுமன்றம் பேசாமல் இருந்தால் மங்கலான நடுப்பகுதி; அதன் விருப்பத்துக்கு எதிராகப் போனால் மிகக் கீழே. ஜாக்சனே முன்பு பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக) இருந்து, 1941-ல் ஒரு விமானத் தொழிற்சாலையை அரசு கைப்பற்றியதை நியாயப்படுத்தியவர். அதிகாரத்தின் உள்ளேயிருந்து பார்த்தவர். அதனால்தான் அதே குறிப்பில் அவர் சொன்ன இன்னொன்று என் மனதில் நிற்கிறது: விரலிடுக்கில் அதிகாரம் நழுவாமல் காத்துக்கொள்ள நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும்.

போர் அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருந்தால், இத்தனை போர்கள் எப்படி நடக்கின்றன?

அமெரிக்கா முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை.

1950-ல் கொரியாவுக்கு ட்ரூமன் படை அனுப்பியபோது நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. ஐ.நா.வின் காவல் நடவடிக்கை என்றார்கள். 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கொரிய மக்களில் இறந்தவர்கள் பல லட்சம். அன்று தடுத்துக் கேட்காததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது என்பது என் கருத்து.

வியட்நாமுக்கு ஓட்டெடுப்பு நடந்தது. 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாக அதிபர் லிண்டன் ஜான்சன் சொன்னார். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு வெளியான அரசு ஆவணங்களிலேயே இருக்கிறது. தேவையான எதையும் செய்யலாம் என்று பிரதிநிதிகள் சபை 416–0, செனட் 88–2 என்று தீர்மானம் போட்டது. செனட்டில் எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவர் மட்டுமே. 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் எத்தனையோ லட்சம் வியட்நாமியரும் அந்தத் தீர்மானத்தின் பின்னால் மாண்டார்கள்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அதேபோல் இன்னொரு தீர்மானம். அதன் முக்கிய வாசகம் ஆங்கிலத்தில் 60 சொற்கள். அந்தத் தாக்குதலோடு தொடர்புடையவர்கள் யார் என்று அதிபரே முடிவுசெய்து படைபலத்தைப் பயன்படுத்தலாம். எல்லை இல்லை, காலவரம்பு இல்லை. இரு சபைகளிலும் சேர்த்து எதிர்த்து ஓட்டுப் போட்டது பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே. அன்று அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆப்கானிஸ்தானுக்கென்று எழுதிய அந்த வரிகளை வைத்து ஏமன், சோமாலியா, சிரியா என்று பல நாடுகளில் தாக்குதல் நடந்தது. கட்சி வேறுபாடில்லாமல் அடுத்தடுத்த அதிபர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள்.

நிக்சன் காலத்தில் கடிவாளம் போட்டார்களே, அது என்ன ஆனது?

போட்டார்கள், உண்மையாகவே. போர் அதிகாரத் தீர்மானம் 1973-ல் நிக்சனின் வீட்டோவை மீறி நிறைவேறியது: படை அனுப்பினால் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் இல்லையென்றால் 60 நாளில் நிறுத்த வேண்டும். ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் அதிபர் முடக்குவதைத் தடுக்க 1974-ல் ஒரு சட்டம். அதே ஆண்டு, வாட்டர்கேட் ஊழல் வழக்கில், வெள்ளை மாளிகைப் பேச்சுகளின் ஒலிநாடாக்களைக் கொடு என்று நிக்சனிடம் உச்ச நீதிமன்றம் 8–0 என்று சொன்னது. பதினாறு நாளில் நிக்சன் விலகினார்.

ஆனால் அந்தச் சட்டங்களின் பல் ஒன்று 1983-ல் விழுந்தது. அதிபரின் செயலை நாடாளுமன்றம் தானே ஒரு தீர்மானம் போட்டு ரத்து செய்வது செல்லாது, அதுவும் அதிபரின் கையெழுத்துக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு குடியேற்ற வழக்கில் தீர்ப்பளித்தது. விளைவைப் பாருங்கள். தன்னைத் தடுக்கும் தீர்மானத்தில் எந்த அதிபர் கையெழுத்துப் போடுவார்? வீட்டோ செய்வார். அதை மீற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2019-ல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த அவசரநிலையை இரு சபைகளும் ரத்து செய்தன. அவர் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் 248–181 என்று பெரும்பான்மை இருந்தும் போதவில்லை.

அறுபது நாள் கணக்கும் அப்படித்தான். 2011-ல் லிபியா மீதான தாக்குதல் அறுபது நாளைத் தாண்டியபோது, தரைப்படை இல்லாததால் இது அந்தச் சட்டம் சொல்லும் மோதலே இல்லை என்று ஒபாமா அரசு வாதாடியது. சாசனச் சட்டம் கற்பித்த ஒருவரின் அரசிடமிருந்து அந்த வாதம் வந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

அவசரநிலை, வரி... இவையெல்லாம் அதிபர் கைக்கு எப்படிப் போயின?

1973-ல் செனட் குழு ஒன்று ஆராய்ந்தபோது, அவசரக் காலத்தில் அதிபருக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 470 சட்டப் பிரிவுகள் கிடைத்தன. 1933 மார்ச்சிலிருந்து நாடு இடைவிடாமல் அவசரநிலையிலேயே இருந்ததும் தெரிந்தது. அதை ஒழுங்குபடுத்த 1976-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி வந்த முதல் அவசரநிலை, 1979 நவம்பரில் ஈரான் பணயக்கைதிகள் விவகாரத்தில் கார்ட்டர் அறிவித்தது. ஆண்டுதோறும் புதுப்பித்துப் புதுப்பித்து நாற்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் அது ஓடியது.

வரிக் கதை இன்னும் தெளிவானது. 1930-ல் பொருள் பொருளாக இறக்குமதி வரியை நாடாளுமன்றமே ஏற்றியது. உலக வணிகம் நொறுங்கியதில் அதற்குக் கெட்ட பெயர். 1934-ல், பிற நாடுகளோடு பேசி வரியைக் குறைக்கும் அதிகாரத்தை அதிபரிடம் ஒப்படைத்தது. 1962, 1974, 1977 என்று மேலும் சட்டங்கள். 1977 சட்டம் அவசரநிலையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளைக் கட்டுப்படுத்துவதற்கானது; அதில் 'வரி' என்ற சொல்லே இல்லை, இறக்குமதியை 'முறைப்படுத்தலாம்' என்று இருக்கிறது. அதை வைத்துத்தான் 2025 ஏப்ரலில் டிரம்ப் உலக நாடுகள் மீது வரி போட்டார். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அது 50% ஆனது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் அமெரிக்க ஆர்டர்கள் ஆட்டம் கண்டது இந்த வழியாகத்தான். இந்த வரிகளைப் போட அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றவில்லை. அந்தச் சட்டம் இதற்கு இடம் தருமா என்ற வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

யாரை வேண்டுமானாலும் வேலையை விட்டு நீக்க முடியுமா?

அமைச்சர்களை நீக்கலாம். தன்னாட்சி ஆணையங்களின் உறுப்பினர்களைக் காரணமில்லாமல் நீக்க முடியாது என்று 1935-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு, கூட்டாட்சி வணிக ஆணையத்தின் உறுப்பினர் ஹம்ஃப்ரியை ரூஸ்வெல்ட் நீக்கியதைப் பற்றியது. தொண்ணூறு ஆண்டு கழித்து, 2025-ல் அதே ஆணையத்தின் உறுப்பினரை டிரம்ப் நீக்கியதும் அந்தப் பழைய தீர்ப்பே மறுபரிசீலனைக்கு வந்தது.

அதிபர் மீது வழக்குப் போட முடியுமா? பதவியிலிருந்து இறக்க முடியுமா?

பிரதிநிதிகள் சபை நான்கு முறை பதவி நீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியிருக்கிறது: ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், டிரம்ப் இருமுறை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. கட்சிகள் இறுகிப்போன காலத்தில் இந்த ஆயுதம் வெறும் உறைதான்.

குற்ற வழக்கைப் பொறுத்தவரை 2024 ஜூலை 1 பெரிய திருப்பம். முன்னாள் அதிபருக்கு, சாசனம் அவருக்கே தந்த மைய அதிகாரங்களைச் செலுத்திய செயல்களில் முழுப் பாதுகாப்பு, மற்ற அலுவல் செயல்களில் பாதுகாப்பு உண்டு என்றே முதலில் கருத வேண்டும், தனிப்பட்ட செயல்களுக்கு ஒன்றும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 6–3 என்று தீர்ப்பளித்தது. நிக்சன் விலகிய பிறகு அடுத்த மாதமே ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கினார். வழக்கு வரக்கூடும் என்று இருவருமே நம்பியதால்தான் அந்த மன்னிப்பு தேவைப்பட்டது. அந்த நம்பிக்கை இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது.

சாசனத்தின் எழுத்தில் அதிபரின் அதிகாரத்தைக் குறைத்ததே இல்லையா?

ஒன்று உண்டு. ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, இரு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்ற 22-ம் திருத்தம் 1951-ல் வந்தது. நீதிமன்றங்களும் அவ்வப்போது தடுக்கின்றன: மாணவர் கடனில் ஏறக்குறைய 40,000 கோடி டாலரைத் தள்ளுபடி செய்ய பைடன் போட்ட திட்டத்தை 2023-ல் நிறுத்தியது போல.

கொடுத்த அதிகாரத்தை நாடாளுமன்றம் ஏன் திரும்ப வாங்குவதில்லை?

கணக்கு ஒரு காரணம். வீட்டோவை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று பார்த்தோம். கட்சி இன்னொரு காரணம். சாசனத்தை எழுதியவர்கள், செனட்டர் செனட்டின் மானத்துக்காக நிற்பார் என்று நம்பினார்கள். இன்று அவர் தன் கட்சி அதிபருக்காக நிற்கிறார். மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தயங்குகிறார்கள்: ஓட்டுப் போட்டால் பதில் சொல்ல வேண்டும். போருக்கு ஆதரவாகப் போட்டால் அடுத்த தேர்தலில் அதைப் பிடித்துக் கேட்பார்கள், எதிர்த்துப் போட்டாலும் கேட்பார்கள். அதிபரே செய்துவிட்டால் நன்றாக முடிந்தால் கைதட்டலாம், கெட்டுப்போனால் கண்டிக்கலாம்.

அடுத்த முறை ஓர் உத்தரவு செய்தியில் வந்தால் எதைப் பார்ப்பது?

கையெழுத்தைப் பார்க்காமல் முதல் பத்தியைப் பாருங்கள். எந்தச் சட்டத்தின்படி இதைச் செய்கிறேன் என்று அதிபர் அங்கே பெரும்பாலும் பெயர் சொல்லியிருப்பார். அந்தச் சட்டத்தின் ஆண்டைத் தேடுங்கள். 1977 இருக்கும், 1962 இருக்கும், கொரியப் போர்க் காலத்து 1950 இருக்கும். 2025 மார்ச்சில் வெனிசுவேலா நாட்டவரை வெளியேற்றக் காட்டிய சட்டம், எதிரி நாட்டவர் பற்றிய ஒன்று, 1798-ல் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டது.